குழந்தை கண்ட துயரும் பெரியோர் கடனும்



குழந்தையின் உள்ளத்தை வெள்ளை உள்ளம் என்பது தமிழ் வழக்கு. இங்கே வெள்ளை என்பது அறியாமையை மட்டும் குறிப்பதன்று, ஐயமின்மையையும் குறிக்கும். பெரியவர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்பது குழந்தையின் முதல் நம்பிக்கை. எது வந்தாலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது இரண்டாவது. வெளியே சென்றவர் வீடு திரும்புவார் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் தலையணையாகக் கொண்டுதான் குழந்தை கவலையின்றி உறங்குகிறது. வயது ஏற ஏற இந்நம்பிக்கைகள் சிறிது சிறிதாகத் தேய்வது இயற்கை. வீட்டில் ஒரு மூத்தவர் மறைவதும், தொழுவத்தில் ஒரு கன்று இறப்பதும் மெல்ல மெல்லப் பாடம் புகட்டும். ஆயின் ஒரு நாட்டின் குழந்தைகள் மிகப் பலர் ஒரே வேளையில், ஒரே காட்சியைக் கண்டு அந்நம்பிக்கைகளை இழந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டில் 1986ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகலில் அது நிகழ்ந்தது. சேலஞ்சர் என்னும் விண்ணோடம் வானில் சிதைந்து, அதில் சென்ற எழுவரும் உயிரிழந்தனர்.

அன்று குழந்தைகள் ஏன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். விண்ணோடப் பயணங்கள் அதற்குள் இருபத்து நான்கு நடந்து முடிந்திருந்தன. மக்களுக்கு அவை பழகிப்போய்விட்டன. இருபத்தைந்தாவது பயணம் மட்டும் வேறுபட்டது. அதில் ஓர் ஆசிரியை சென்றார். விண்வெளிக்குச் செல்லும் முதற் பொதுக்குடிமகன் ஓர் ஆசிரியராகவே இருப்பார் என்று அதிபர் ரொனால்டு ரீகன் 1984 ஆகஸ்டு 27 அன்று அறிவித்தார். 11,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பித்தனர். 1985 ஜூலையில் தெரிந்தெடுக்கப்பட்டவர் கிறிஸ்டா மெக்காலிஃப். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கான்கார்டு நகரின் உயர்நிலைப் பள்ளியில் சமூகவியல் கற்பித்தவர், இரு குழந்தைகளின் தாய், அகவை 37.

அவர் அறிவியல் அறிஞர் அல்லர். வானூர்தி ஓட்டியவரும் அல்லர். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு மாட்டுவண்டிகளிலும் குதிரை வண்டிகளிலும் குடிபெயர்ந்த பழங்காலப் பெண்கள் எழுதிய நாட்குறிப்புகளை வரலாற்றுக் கருவூலமாக மதித்தவர். அவர்களைப் போலவே தாமும் விண்பயணத்தில் நாட்குறிப்பு எழுதுவதாக விண்ணப்பத்தில் தெரிவித்திருந்தார். அத்துடன் பறக்கும் ஓடத்திலிருந்து பள்ளிகளுக்கு இரண்டு பாடங்கள் நடத்துவதாகவும் திட்டம். ஆகவே அமெரிக்கக் குழந்தைகளின் கண்ணுக்கு அந்த ஓடம் எந்திரமாகத் தோன்றவில்லை; வகுப்பறையாகவே தோன்றிற்று. தங்கள் டீச்சரைப் போன்ற ஒருவர் வானத்துக்குப் போகிறார் என்று அவர்கள் மகிழ்ந்தனர்.

பள்ளிகள் இப்பயணத்தை நேரடியாகக் காண, செயற்கைக்கோள் வழி ஒளிபரப்புக்கு நாசா ஏற்பாடு செய்திருந்தது. இங்கே ஓர் உண்மையைக் கருத வேண்டும். நாடு முழுதும் அக்காட்சியை நேரில் கண்டது என்று இன்றும் பலர் எண்ணுகின்றனர். ஆனால் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் அவ்வேளையில் தம் வழக்கமான நிகழ்ச்சிகளையே ஒளிபரப்பிக்கொண்டிருந்தன. செய்தித் தொலைக்காட்சியான சிஎன்என் மட்டுமே நேரடியாகக் காட்டிற்று. பெரியவர்களுள் மிகப் பலர் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் இருந்தனர். அவர்கள் அதைப் பின்னரே கேள்வியுற்றனர். மாலையில் மறு ஒளிபரப்பில் கண்டனர். அந்நொடியிலேயே கண்டவர்களுள் பெரும்பகுதியினர் பள்ளிக் குழந்தைகள். நாட்டுத் துயரத்தைப் பெரியவர் முதலில் கண்டு, ஆராய்ந்து, அளந்து குழந்தைக்குச் சொல்லும் முறைமை அன்று தலைகீழாயிற்று.

புளோரிடா மாநிலத்துக் கடற்கரையில் அன்று கடுங்குளிர். ஏவுதளத்தில் உறைபனி ஊசி ஊசியாகத் தொங்கிற்று. முற்பகல் 11 மணி 38 நிமிடத்துக்கு ஓடம் எழுந்தது. 73 நொடிகள் கடந்ததும், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்தில் அது சிதைந்தது. கான்கார்டுப் பள்ளியில் மாணவர்கள் கொண்டாட்டத் தொப்பி அணிந்து, ஊதல் ஊதி ஆரவாரித்துக்கொண்டிருந்தனர். சிதைந்த பின்னும் சிறிது நேரம் ஆரவாரம் தொடர்ந்தது. ஓர் ஆசிரியர் உரத்த குரலில் அதட்டிய பின்னரே அடங்கிற்று. ஏவுதளத்தின் அருகே, எழுவரின் குடும்பத்தாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். ஆசிரியையின் பெற்றோர் இருந்தனர். அவர் மகனோடு மூன்றாம் வகுப்பில் படித்த சிறுவர் சிறுமியரும் இருந்தனர்.

அக்காட்சியில் குருதி இல்லை, கதறல் இல்லை. நீல வானத்தில் வெண்புகை இரு கிளையாகப் பிரிந்து வளைந்தது, அவ்வளவே. அழகிய ஒன்று எவ்வாறு சாவாக இருக்க முடியும்? இணைப்பு ராக்கெட்டுகள் திட்டப்படி பிரிந்தன என்றே பலர் எண்ணினர். நடந்ததைப் புகை சொல்லவில்லை. அருகில் நின்ற ஆசிரியரின் முகமே சொல்லிற்று என்று அந்நாளில் பள்ளியில் பயின்றோர் பலர் பின்னாளில் கூறியுள்ளனர். சில வகுப்பறைகளில் தொலைக்காட்சி உடனே அணைக்கப்பட்டது. சிலவற்றில் ஆசிரியரே அழுதார். பெரியவர் அழுவதையும், சொல்லின்றி நிற்பதையும் முதன்முதலாகக் கண்ட குழந்தைக்கு, விண்ணோடத்தோடு மற்றொன்றும் சிதைந்தது. பெரியவர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்ற முதல் நம்பிக்கையே அது.

இவ்வாறு கண்ட குழந்தைகள் பின்னர் என்ன ஆயினர்? லெனோர் டெர் என்னும் குழந்தை மனநல மருத்துவர் தம் குழுவினரோடு இதனை ஆராய்ந்தார். ஆசிரியையின் ஊராகிய கான்கார்டிலும், நாட்டின் மறுகோடியில் கலிபோர்னியாவைச் சேர்ந்த போர்ட்டர்வில் என்னும் ஊரிலும் 153 பிள்ளைகளிடம் உரையாடினார். நிகழ்ச்சி நடந்த ஐந்து முதல் ஏழு வாரங்களுக்குள் ஒரு முறையும், பதினான்கு திங்கள் கழித்து மறு முறையும் வினவினார். தொடக்கத்தில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அந்நிகழ்ச்சி தொடர்பான அச்சம் ஏதேனும் ஒன்று இருந்தது. ஆசிரியையைத் தம்மவராகக் கருதிய கான்கார்டுப் பிள்ளைகளிடம் பாதிப்பு மிகுதி. காலப்போக்கில் பெரும்பாலான அறிகுறிகள் வெகுவாகக் குறைந்தன.

அவ்வாய்வில் பெற்றோர் கருதத்தக்க கூறு ஒன்று உண்டு. சிறு பிள்ளைகளின் அச்சம் இன்ன பொருளைப் பற்றியது என்று சுட்டத்தக்கதாக இருந்தது. முதல் வாரங்களில் ஒரு சிறுவனிடம் இருந்த நிலையைக்கொண்டு, ஓராண்டு கழித்து அவன் எவ்வாறு இருப்பான் என்று கணிக்க இயலவில்லை. வளரிளம் பருவத்தினரிடமோ தொடக்க நிலையே பின்னும் தொடர்ந்தது. சிறுவன் அழுதால் கண்ணீர் புலப்படும். பதினைந்து வயதுப் பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும். 'பெரிய பிள்ளைதானே, புரிந்துகொள்ளும்' என்று அதனைத் தனியே விட்டுவிடுதல் பல இல்லங்களில் காணப்படும் வழக்கம். அவ்வயதுக்கும் துணை வேண்டும் என்பதையே இவ்வாய்வு உணர்த்துகிறது.

நினைவின் இயல்பு பற்றியும் இத்துயரம் ஒன்றைக் கற்பித்தது. அட்லாண்டா நகரில் எமரி பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும், விபத்து நடந்த மறுநாட் காலையிலேயே மாணவர்களிடம், 'செய்தியை எங்கே, எவ்வாறு அறிந்தீர்கள்?' என்று கேட்டு எழுதி வாங்கினர். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 44 பேரிடம் அதே வினாக்களை மீண்டும் கேட்டனர். நால்வரில் ஒருவருக்குக் கேட்டவை அனைத்துமே பிழையாக இருந்தன. ஆயினும் பலர் தம் நினைவே சரியென்று உறுதியாக நம்பினர். முன்பு தம் கையாலேயே எழுதிய தாளைக் காட்டியபோதும் சிலர் தெளியவில்லை. துயரம் உள்ளத்தில் பதியும் என்பது உண்மை. பதிந்தது அப்படியே நிற்கும் என்பது உண்மையன்று. பிறர் சொன்னதும், திரையில் திரும்பத் திரும்பக் கண்டதும் அதனோடு கலந்துவிடுகின்றன. ஆகவே ஒரு குழந்தை துயரத்தைக் கண்ட நாளில் அதனருகே இருந்து தெளிவாகச் சொல்லப்படும் சொல்லுக்குப் பெரும் மதிப்பு உண்டு. அச்சொல் கிடைக்காவிடின் வதந்தி அவ்விடத்தில் குடியேறும்.

இதுகாறும் கூறியது முதல் இழப்பு. இரண்டாவது இழப்பு சில வாரங்களில் தொடங்கிற்று. அது காட்சியால் வந்ததன்று, செய்தியால் வந்தது.

விபத்து நடந்த மாலையில் அதிபர் ரீகன், அன்று ஆற்றவிருந்த ஆண்டுப் பேருரையை ஒத்திவைத்துவிட்டு நாட்டு மக்களிடம் பேசினார். பள்ளிக் குழந்தைகளையும் தனியே விளித்துப் பேசினார். புதியன தேடும் முயற்சியில் இத்தகைய துயரங்களும் நேர்வதுண்டு என்னும் கருத்தை அவர்களுக்கு எடுத்துரைத்தார். அந்நேரத்தில் அறிந்த அளவில் அது அன்பான ஆறுதல். குழந்தைகளை மறவாமல் விளித்ததும் போற்றத்தக்கது. ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கை அவ்வாண்டு ஜூன் திங்களில் வெளிவந்தபோது, நடந்தது தவிர்க்கமுடியாத ஊழ் அன்று என்பது தெரிந்தது.

வலப்புற ராக்கெட்டின் இணைப்பில் சூடான வாயு கசியாமல் காக்க ரப்பர் வளையங்கள் இருந்தன. குளிரில் அவை விறைத்துப்போகும். இணைப்பு சற்றே விலகும்போது உடனே விரிந்து அடைக்கமாட்டா. முன்னைய பயணங்கள் சிலவற்றில் அவ்வளையங்கள் அரிக்கப்பட்டிருந்ததைப் பொறியாளர்கள் கண்டிருந்தனர். ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஜலே, பேரழிவு நேரக்கூடும் என்று 1985 ஜூலையிலேயே எழுத்தில் எச்சரித்திருந்தார். ஏவுவதற்கு முந்தைய இரவு தொலைபேசி வழி நடந்த கூட்டத்தில், வெப்பநிலை 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டா என்று அவரும் உடன்பணியாற்றியோரும் வாதாடினர். ஏவிய வேளையிலோ வெப்பநிலை 2 டிகிரி. பொறியாளராக எண்ணுவதை விட்டு நிர்வாகியாக எண்ணுமாறு ஓர் அதிகாரிக்கு மேலதிகாரி ஒருவர் கூறினார். முடிவு மாற்றப்பட்டது. ஆலன் மெக்டொனால்டு என்னும் பொறியாளர் இசைவுத்தாளில் கையொப்பமிட மறுத்தார், வேறொருவர் இட்டார்.

திருக்குறளில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. பொச்சாப்பு என்பது வெறும் மறதியன்று. மகிழ்ச்சி மிகுதியால் கடமையில் நேரும் சோர்வு. இருபத்து நான்கு முறை இடரின்றித் திரும்பியது என்னும் மகிழ்ச்சி, வளையம் அரிக்கப்பட்டிருந்ததைச் சிறிதாக்கிக் காட்டிற்று. அங்கே எவரும் எவரையும் கொல்ல எண்ணவில்லை. ஆயினும் எழுவர் இறந்தனர். மனக்கவனமின்மையால் நேரும் உயிர்க்கேட்டையும் இம்சை என்றே சமண அறநூல்கள் கொள்ளும். கொல்லாமை என்பது கையை அடக்குவதோடு முடிவதில்லை. பொறுப்பில் இருப்போர் கருத்தோடு இருப்பதும் அதன் பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஜனவரியில் 'விபத்து' என்று கேட்ட பிள்ளை ஜூனில் 'எச்சரித்தும் கேளாமல் ஏவினார்கள்' என்று கேட்டது. பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்னும் இரண்டாவது நம்பிக்கை இவ்வாறு போயிற்று. முதல் இழப்பைவிட இது ஆழமானது. இயற்கையின் சீற்றத்தை மனம் பொறுத்துக்கொள்ளும். பெரியவர்களின் பொய்ம்மையைப் பொறுத்துக்கொள்ள நெடுங்காலம் ஆகும்.

எனினும் அதே விசாரணையில் நேர்மைக்கும் இடம் இருந்தது. குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன், பொது விசாரணையின்போது அந்த ரப்பரின் துண்டு ஒன்றைச் சிறு இடுக்கியில் இறுக்கி, தம் முன் இருந்த பனிநீர்க் குவளையில் இட்டார். சிறிது நேரங்கழித்து எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவுக்கு மீளவில்லை. பெரும் அறிக்கைகள் மறைத்ததை ஒரு குவளை குளிர்நீர் காட்டிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும் செய்முறை அது. 'குழந்தைக்கு இதெல்லாம் புரியாது' என்று உண்மையை மறைப்போர் பெரும்பாலும் தாமே அதனை எளிமையாகச் சொல்ல முயலாதவர்கள்.

இத்துயரத்தின் நிழல் பாரதத்திலும் விழுந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும்போது சிதைந்தது. அதில் உயிரிழந்த எழுவருள் ஒருவர் அரியானா மாநிலத்துக் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா. அவர் பயின்ற தாகூர் பால் நிகேதன் பள்ளியில் மாணவர்கள் அவர் திரும்புவதைக் கொண்டாடக் கூடியிருந்தனர். அப்பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் நாசாவைச் சென்று காண அவர் வழிவகுத்திருந்தார். ஆகவே அவர் அப்பிள்ளைகளுக்குப் பாடநூற்படம் அல்லர், வீட்டு அக்காவைப் போன்றவர். சென்றவர் திரும்புவார் என்னும் நம்பிக்கை அவ்விரவு கர்னாலில் உடைந்தது. ஏவியபோது கழன்ற நுரைப்பொருள் இடது சிறகைத் தாக்கியிருந்தது. அதைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. சேலஞ்சர் கற்பித்த பாடம் மறக்கப்பட்டதென அவ்விசாரணைக் குழுவும் உணர்த்திற்று. இரு விசாரணைக் குழுக்களிலும் இடம்பெற்றவர் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீராங்கனை சாலி ரைடு.

அவையோர் இதனைத் தொலைதூரச் செய்தி என்று கருதலாகாது. அன்று பள்ளிக்கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு முறை நிகழ்ந்தது, இன்று கைப்பேசியில் நாள்தோறும் நிகழ்கிறது. விமானம் வீழ்வதும், வெள்ளம் ஊரை அள்ளுவதும், கூட்ட நெரிசலில் மனிதர் மாள்வதும் தாய் தந்தையர் அறியுமுன்னே குழந்தையின் கையில் ஒளிர்கின்றன. ஆசிரியரும் அருகில் இல்லாத வேளை அது. இந்நிலையில் பெரியோர் கடன் யாது?

முதலாவது, குழந்தை எதைக் கண்டது, எதை நினைக்கிறது என்று கேட்டல். விளக்கம் பிறகு, செவி முதலில். கேட்காமலே ஆறுதல் சொன்னால், குழந்தை அஞ்சாத ஒன்றுக்கு ஆறுதலும் அஞ்சுகின்ற ஒன்றுக்கு மௌனமும் கிடைக்கும்.

இரண்டாவது, அளவறிந்து உண்மை கூறல். ஆறு வயதுக்கு ஒரு வாக்கியம் போதும். பதினாறு வயதுக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டும். அளவு வேறுபடலாம், உண்மை வேறுபடலாகாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் பெற்றோரின் மதிப்புக் குறையாது. பொய்யான ஆறுதல் ஓரிரவு உறங்கவைக்கும். அது பொய்யென்று தெரிந்த நாளில் பல இரவுகளின் உறக்கத்தைப் பறிக்கும்.

மூன்றாவது, காட்சியை நிறுத்துதல். உண்மையை மறைப்பது வேறு. கோரத்தை மீண்டும் மீண்டும் காட்டாதிருப்பது வேறு. ஒரே நிகழ்ச்சியைப் பத்து முறை காணும் சிறு குழந்தை, அது பத்து முறை நிகழ்ந்ததாகவே எண்ணக்கூடும்.

நான்காவது, குழந்தைக்குச் செய்வதற்கு ஒன்று தருதல். ஒரு கடிதம், ஓர் உதவி, ஒரு பிரார்த்தனை, ஒரு மரக்கன்று. கண்டு கலங்கிய கைகளுக்கு வேலை கிடைத்தால் உள்ளம் மெல்ல நிலைபெறும்.

இந்நான்காம் கடனைச் செய்து காட்டியோர் வரலாறும் சேலஞ்சர் வரலாற்றின் பகுதியே. உயிரிழந்த எழுவரின் குடும்பத்தார் அவ்வாண்டே ஒன்றுகூடி, நினைவுத்தூண் எழுப்புவதோடு நில்லாமல், மாணவர்க்கு விண்வெளி அறிவியல் கற்பிக்கும் மையங்களை அமைக்கத் தீர்மானித்தனர். தம் குழந்தைகளே தந்தையையும் தாயையும் இழந்து நிற்கையில் பிறர் குழந்தைகளின் கல்வியை அவர்கள் எண்ணினர். கிறிஸ்டா மெக்காலிஃப் செல்ல இயலாதுபோனால் அவருக்கு மாற்றாகச் செல்வதற்கு உடன்பயிற்சி பெற்றவர் பார்பரா மார்கன் என்னும் ஆசிரியை. அவர் ஐடஹோ மாநிலத்துத் தம் பள்ளிக்கே திரும்பிச் சென்று பாடம் நடத்தினார். பின்னர் முழுநேர விண்வெளி வீராங்கனையாகத் தேர்ந்து, 2007 ஆகஸ்டில் எண்டெவர் ஓடத்தில் பயணம் செய்து நலமே திரும்பினார். இடையே இருபத்தொரு ஆண்டுகள். துயரத்தைக் கண்ட பிள்ளைகள் அப்போது பெற்றோர்களாகியிருந்தனர். திரும்பிவந்த ஆசிரியையைத் தம் மக்களுக்குக் காட்டும் பேறு அவர்களுக்குக் கிடைத்தது.

வெள்ளை உள்ளம் ஒருமுறை கறைபட்டால் பழைய வெண்மை மீளாது. மீட்டுத் தருவதாக எவரும் உறுதி கூறவும் இயலாது. ஆனால் அறியாமையில் பிறந்த நம்பிக்கை போன இடத்தில், அறிந்த பின்னும் நிற்கும் நம்பிக்கை ஒன்றை வளர்க்க முடியும். பெரியவர்கள் எல்லாம் அறிந்தவர்கள் அல்லர். ஆனால் தம் பிள்ளைகளிடம் உண்மை சொல்வார்கள் என்பதே அந்நம்பிக்கை. அதை வளர்ப்பதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் போதும்.

கிறிஸ்டா மெக்காலிஃப் விண்ணில் நடத்தவிருந்த பாடங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தப்படாமலே இருந்தன. 2018இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த ஜோ அக்காபா, ரிக்கி ஆர்னால்டு என்னும் இருவர், அப்பாடங்களுள் சிலவற்றைச் செய்து காட்டிப் படமாக்கிப் பூமிக்கு அனுப்பினர். அவ்விருவரும் விண்வெளி வீரர்கள் ஆவதற்கு முன் பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள்.